தங்கச்சிமடத்து மல்லிகை நாற்று: மூன்றாவது மாசியில்

தவக்காலம் தொடங்குகிற விபூதிப் புதனுக்கு மறுநாள் காலையில் வாசல் தெளிக்கப் போனபோது மல்லிகைச் செடியில் ஏழு மொட்டு நின்றது. இரண்டு முறை எண்ணினேன். மாசி பாதிகூட ஆகவில்லை. எங்கள் ராமேஸ்வரம் தீவிலுள்ள தங்கச்சிமடத்தில் வாங்கி நட்ட நாற்று இது. போன இரண்டு வருடமும் பங்குனி பிறந்த பிறகுதான் பூவைக் கண்ணில் காட்டியது. எங்களைப் போலக் கடலோர மணலில் குடியிருந்துகொண்டு மல்லிகை வைக்க ஆசைப்படுகிறவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டும் என்று அன்றைக்கே தோன்றியது.

வீடு அதே தீவில் பாம்பனில், கடலுக்கு நடந்து போகிற தூரம். கொல்லை முழுக்க மணல்; ஒரு முழம் தோண்டினால் சிப்பித் தூள் வரும். ஆடியில் கச்சான் காற்று அடித்தால் துணி காயப்போடுகிற கொடியிலேயே உப்புப் படியும். முன்பு ஒருமுறை தெருவில் வண்டியில் செடி விற்று வந்தவரிடம் பையில் வளர்த்த மல்லிகை இரண்டு வாங்கினேன். நல்ல புதராக, மொட்டோடு இருந்தது. ஆனால் களிமண் உருண்டைக்குள் சுற்றிக் கிடந்த வேர் எங்கள் மணலுக்குள் இறங்கவே இல்லை. காய்ந்த பிறகு பிடுங்கிப் பார்த்தால் பையின் வடிவம் அப்படியே இருந்தது. இரண்டும் ஒரு கச்சானைத் தாண்டவில்லை.

தங்கச்சிமடத்து நாற்று பார்வைக்கு ஒன்றுமே இல்லை. ஒரு குச்சி, மேலே நாலைந்து இலை, கீழே ஒரு கொத்து வேர். மண்ணும் கிடையாது, பையும் கிடையாது. மணல் பாத்தியில் குச்சியை ஊன்றி, வேர் பிடித்ததும் உருவிக் கட்டாகக் கட்டித் தருகிறார்கள். "இதுக்கா பஸ் ஏறிப் போன?" என்று என் மாமியார் கேட்டார். அத்தையிடம் அன்றைக்குச் சொல்ல எனக்குப் பதில் இல்லை, இப்போது இருக்கிறது. பிறந்ததே மணலிலும் கடல்காற்றிலும் என்பதால் எங்கள் கொல்லை அதற்குப் புது இடமாகவே தெரியவில்லை. மதுரை மல்லிக்கு 2013-ல் புவிசார் குறியீடு கிடைத்ததே, அந்தத் தோட்டங்களுக்குக் காலங்காலமாக நாற்றுப் போவதும் எங்கள் தங்கச்சிமடத்திலிருந்துதான். பூவுக்கு மதுரைப் பெயர் இருக்கட்டும். முதல் வேர் விட்டது எங்கள் தீவு மணலில் என்பதில் எனக்குப் பெருமைதான்.

குறையும் உண்டு. கட்டாகத்தான் கொடுக்கிறார்கள், நாலு செடி வேண்டும் என்றால் முகம் கொடுப்பதில்லை. நான் ஒரு கட்டு வாங்கி, பன்னிரண்டை வைத்துக்கொண்டு மிச்சத்தை அக்கம்பக்கம் கொடுத்தேன். நாற்றங்கால் அம்மா ஒரே ஒரு பேச்சுத்தான் சொன்னார்: "இன்னைக்கே நட்டுரு தாயி. வேரு காஞ்சா அப்புறம் தண்ணி ஊத்திப் பிரயோசனம் இல்ல." அன்று பஸ் கிடைக்கத் தாமதமாகி, பாதியைத்தான் பொழுதுக்குள் நட முடிந்தது. மறுநாள் நட்டதில் மூன்று பட்டுப்போனது.

நட்டது ஐப்பசியில், முதல் மழை பெய்து மணல் குளிர்ந்த பிறகு. ஒரு அடிக் குழியில் செம்மண்ணும் ஆட்டுப்புழுக்கையும் போட்டேன். உவர்க் கிணற்றுத் தண்ணீரை ஊற்றவில்லை. அரிசி கழுவிய தண்ணீரும் ஊற்றுத் தண்ணீரும்தான். முதல் கோடையில் இலையெல்லாம் வெளுத்து, நரம்பு மட்டும் பச்சையாக நின்றது. இதைப் பற்றி நாற்றங்காலில் யாரும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். விவசாயம் படிக்கிற தம்பி மகள்தான் வந்து பார்த்து, சுண்ணாம்பு மண்ணில் செடிக்கு இரும்புச்சத்து ஏறாது அத்தை என்றாள். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 கிராம் அன்னபேதி உப்பை (இரும்பு சல்பேட்) கரைத்து மாதம் ஒருமுறை இலையில் தெளித்தோம். இரண்டாவது தெளிப்புக்குப் பிறகு வந்த கொழுந்து பச்சையாகவே வந்தது.

இந்த வருடம் பூ முந்தி வந்ததற்கு முழுப் பாராட்டையும் நாற்றுக்கே கொடுக்க முடியாது. போன இரண்டு கார்த்திகையிலும் எனக்கு வெட்ட மனம் வரவில்லை. இந்தமுறை மனதைத் திடப்படுத்திக்கொண்டு தரையிலிருந்து ஒன்றரை அடி விட்டுக் கவாத்துப் பண்ணினேன். மிஞ்சிய இலையையும் உருவி, வேரைச் சுற்றி எரு வைத்தேன். தை முழுக்க மொட்டைக் குச்சியாக நின்றது. இப்போது ஒவ்வொரு வெட்டுக்குக் கீழும் மூன்று நான்கு தளிர், தளிர் நுனியில் மொட்டு. முருங்கையும் பூத்து உதிர்ந்து கொல்லை வெள்ளையாகக் கிடக்கிறது, வேம்பு செந்துளிர் விட்டிருக்கிறது. ஆனாலும் காலையில் என் கால் முதலில் போவது மல்லிகைப் பக்கம்தான்.

மொட்டு நல்ல உருண்டை, இதழ் தடிப்பு. விடியுமுன் பறித்து ஈரத்துணியில் வைத்தால் பொழுது சாயும்போது விரிகிறது. தவக்காலத்தில் எங்கள் வீட்டில் தலையில் பூ வைப்பதில்லை. அதனால் அந்த ஏழு மொட்டையும் பக்கத்து வீட்டுச் சின்னப் பெண்ணுக்குக் கொடுத்தேன். நேற்றுப் பறித்தது வாழைநாரில் கட்டினால் ஒரு முழத்துக்கு வரும். ஈஸ்டருக்குள் மாதா படத்துக்கு மாலை கட்டுகிற அளவுக்கு வந்துவிடும்.

வேம்பு நிழலில் நட்ட இரண்டு செடி மட்டும் இன்னும் சரியாகப் பூக்கவில்லை, வெயில் போதவில்லை. அதை ஐப்பசியில் இடம் மாற்ற வேண்டும். பட்டுப்போன மூன்றின் குழியும் காலியாகக் கிடக்கிறது. அதற்கும் தங்கச்சிமடத்துக்கே போவேன், இந்தமுறை காலை முதல் பஸ்ஸில், நனைத்த சாக்கைக் கையோடு எடுத்துக்கொண்டு.