திருகோணமலை உவர்மலையில நடக்கிற பயோ கிளாஸ்: ஏ.எல் பிள்ளையள் இருக்கிற தாய்மாருக்கு

மகள் அடுத்த வருசம் ஏ.எல் பயோ எடுக்கிறா. முதல்ல வேற ஒரு கிளாஸுக்குத்தான் போனவ, அங்க இலிங்க நிறமூர்த்தம், அதுதான் ஆணா பெண்ணா எண்டு தீர்மானிக்கிற எக்ஸ், வை குரோமோசோம் பாடம், முழுக்க முக்கால் மணித்தியாலத்தில முடிஞ்சுது, "வை தேய்ஞ்சுகொண்டு போகுது, ஒருநாள் இல்லாமலே போயிடும், எழுதுங்கோ" அவ்வளவுதான், ஏன் தேயுது எண்டு கேட்ட பிள்ளைக்கு சிலபஸில இல்லை எண்டு பதில். அந்த மாசத்தோட நிப்பாட்டிட்டம்.

இப்ப போறது உவர்மலையில ஒரு வீட்டு விறாந்தையில நடக்கிற சின்னக் கிளாஸ், இருபது பிள்ளையள் வரையில. சேரின்ர பேரை இங்க போடேல்ல, அவருக்கு அது விருப்பமில்லை, அந்தப் பக்கம் போய் விசாரிச்சா காட்டுவினம்.

போன கிழமை கிளாஸ் பிந்தும் எண்டதால நேரத்தோடயே கூட்டிவரப் போய் பின்வாங்கில இருந்தன். அதே பாடம்தான். சேர் ஒவ்வொரு பிள்ளைக்கும் ரெண்டு நீட்டுப் பேப்பர் துண்டு குடுத்தார், ரெண்டிலயும் அ, ஆ, இ எண்டு ஒரே ஒழுங்கில எழுதச் சொன்னார். 18 கோடி வருசத்துக்குக் கிட்ட முதல் எக்ஸும் வையும் இப்பிடித்தான், சாதாரண ஒரு சோடி, வித்தியாசமே இல்லை. பிறகு ஒண்டில ஆணாக்கிற பரம்பரையலகு (ஜீன்) வந்துது, அதுதான் 1990ல லண்டனில கண்டுபிடிச்ச எஸ்.ஆர்.வை. இப்ப அந்தத் துண்டின்ர நடுப்பகுதியை வெட்டி, தலைகீழாத் திருப்பி, திரும்ப டேப்பால ஒட்டுங்கோ எண்டார். மகள் ஒட்டி முடிச்சு ரெண்டையும் பக்கத்தில பக்கத்தில வைச்சுப் பாக்கிறா, நுனி ரெண்டும் பொருந்துது, நடுவில ஒரு எழுத்தும் ஒத்து வரேல்ல, பிள்ளை அதையே பாத்துக்கொண்டிருந்தா.

விந்தும் முட்டையும் உருவாகிற ஒடுக்கற்பிரிவில ரெண்டும் ஒட்டிநிண்டு துண்டு மாத்தோணும் எண்டா எழுத்து, அதாவது டி.என்.ஏ எழுத்து, ஒத்து வரோணும். ஒத்து வராத இடத்தில மாத்தல் இல்லை. எக்ஸுக்குப் பொம்பிளையின்ர உடம்பில சோடி இருக்கு, பிழை வந்தா மாத்திக்கொள்ளும், வைக்கு அந்த இடத்தில யாரும் இல்லை, வந்த பிழை அப்பிடியே தேங்கித் தேங்கி பரம்பரையலகுகள் ஒவ்வொண்டாப் போகுது. அதுவும் ஒரேயடியா நடந்ததில்லை, தலைகீழாகிறது கட்டம் கட்டமா நடந்திருக்கு, அந்தக் கட்டங்கள் இப்பவும் எக்ஸில அடையாளமா இருக்கு. நான் ஏ.எல் படிக்கேக்க இந்தப் பாடத்தைப் பாடமாக்கித்தான் எழுதினனான், இருபது வருசம் கழிச்சு அண்டைக்குத்தான் விளங்கினது, உண்மையாவே கண் கலங்கிட்டுது.

பிறகு ஒரு பெடியன் கேட்டான், அப்ப வை இல்லாமப் போயிடுமா சேர் எண்டு. அவர் சிலபஸ் கதையெல்லாம் சொல்லேல்ல, குரங்கைக் கொண்டு வந்தார். றீசஸ் குரங்கு, ரத்த வகையில சொல்லுற அந்த றீசஸ்தான், எங்கட கூரை ஓட்டைப் பிரட்டுற குரங்கும் அதே மக்காக்கா சாதி. அதுவும் நாங்களும் பிரிஞ்சு இரண்டரைக் கோடி வருசம். 2012ல அதின்ர வையை வாசிச்சு எங்கடயோட ஒப்பிட்டுப் பாத்தா, இவ்வளவு காலத்தில மனுசன்ர வை இழந்த பழைய பரம்பரையலகு ஒண்டே ஒண்டு. ஆரம்பத்தில கடகடவெண்டு கொட்டுண்டது, பிறகு கிட்டத்தட்ட நிண்டிட்டுது. மிஞ்சினது உடம்புக்குத் தேவையானது, அதைத் தூக்கி எறிய ஏலாது.

இன்னொண்டு, "விகடகவி" எண்டு போர்டில எழுதினார். முன்னால இருந்தும் பின்னால இருந்தும் ஒண்டு. வையிலயும் இப்பிடி நீட்டு நீட்டு எழுத்து வரிசையள் எட்டு இருக்காம், 2003ல தெரிய வந்தது, மடிச்சா ஒரு பாதி மற்றப் பாதியைப் பாத்துத் தன்ர பிழையைத் திருத்தும். சோடி இல்லாதது தனக்குள்ளயே சோடி தேடிக்கொண்டிருக்கு! சிம்பன்சி எங்களுக்கு எவ்வளவு கிட்ட, ஆனா வையை எடுத்தா மூண்டில ஒரு பங்கு மட்டில பொருந்தேல்ல, ஒரு பெண்ணோட பல ஆண் சேருற கூட்டம் எண்டதால விந்துக்கிடையிலயே போட்டி, அதால வை கெதியா மாறியிருக்கு எண்டு விளங்கப்படுத்தினார். மனுச வையை முனைக்கு முனை வாசிச்சு முடிச்சது 2023ல, ஆறு கோடியே 20 லட்சம் எழுத்து, அடுத்த வருசமே கொரில்லா, ஒராங்குட்டான் எல்லாத்தின்ர எக்ஸும் வையும் வந்திட்டுது. இதையும் சொல்லிக் குடுக்கிறார் எண்டா அவர் இப்பவும் படிக்கிறார், எனக்கு அதுதான் பெரிசு.

குறையும் சொல்லோணும். டியூட் (கிளாஸில குடுக்கிற நோட்ஸ்) போட்டோகொப்பி சரியான மோசம், நிறமூர்த்தப் படமெல்லாம் கறுப்பு மை கொட்டின மாதிரி, மகள் கலர்ல திரும்பக் கீறி ஒட்டினவ. நேரத்துக்கு விடமாட்டார், மூதூர், கிண்ணியாப் பிள்ளையள் பஸ்ஸை நினைச்சுத் தவிக்குதுகள், இதை அவரிட்டயே சொன்னன், சனிக்கிழமையை அரை மணித்தியாலம் முந்தித் தொடங்குறன் எண்டிருக்கிறார். பாஸ்ட் பேப்பர் எம்.சி.கியூ மட்டும் அடிக்க விரும்புற பிள்ளைக்கு இது சரிவராது, அதுக்கு வேற கிளாஸ் பாருங்கோ.

போறதெண்டா கத்திரிக்கோலும் டேப்பும் குடுத்து விடுங்கோ. அங்க ஒண்டே ஒண்டுதான் இருக்கு, சுத்தி வர நேரம் போகுது.