மஞ்சள் கூடா, பச்சைக் கூடா? பட்டுப்புழு நிறம் சுமக்கும் இரு வழிகள்

தர்மபுரி பட்டுக்கூடு அங்காடியில் வெண்கூட்டுக்கு ஒரு விலை, மஞ்சள் கூட்டுக்கு வேறொரு விலை. இதைப் பார்த்துப் பார்த்து, நிறம்தான் தரம் என்ற எண்ணம் வளர்ப்பவர்களிடம் ஊறிவிட்டது. இந்த எண்ணத்தை முதலில் கழற்றி வைக்க வேண்டும். நம் பக்கத்து மஞ்சள் கூடு பெரும்பாலும் மைசூர் பலதலைமுறை இனத்தின் (ஆண்டுக்குப் பல தலைமுறை எடுக்கும் இனத்தின்) கலப்பு. அந்த இனத்தின் கூட்டில் கிடைக்கும் இழை நீளம் குறைவு. விலையை இறக்குவது அதுதான். இத்தாலி, பிரான்சு நாடுகளின் பழைய இனங்கள் பலவும் மஞ்சள் கூடு கட்டியவைதாம். அவற்றின் பட்டை யாரும் மட்டம் என்று சொன்னதில்லை.

நிறமுள்ள கூடு வேண்டும் என்று ஓர் இனப்பெருக்க ஆய்வாளர் முடிவெடுத்தால் அவர் முன் இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று கரோட்டினாய்டு என்ற தாவர நிறமி தரும் மஞ்சள். மற்றது ஃபிளேவனாய்டு என்ற வேறொரு தாவர நிறமி தரும் பச்சை. இரண்டுக்கும் மூலப்பொருள் முசுக்கொட்டை இலையிலேயே இருக்கிறது. அதைப் புழு கையாளும் விதம்தான் வேறு.

மஞ்சள் புழுவின் வேலை சுமப்பது. கரோட்டினாய்டை அதனால் உண்டாக்க முடியாது. இலையிலுள்ள லூட்டீனையும் பீட்டா கரோட்டீனையும் குடலில் இருந்து பட்டுச் சுரப்பி வரை கொண்டு போக மட்டுமே முடியும். வழியில் வாயில்கள் உண்டு. முதல் வாயிலைத் திறப்பது 'ஒய்' மரபணு. இது கரோட்டினாய்டைப் பற்றிக்கொள்ளும் ஒரு புரதத்துக்கான குறிப்பு என்று 2007-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் காட்டினார்கள். வெள்ளை இனத்தில் தாவும் மரபணுத் துண்டு ஒன்றுடன் தொடர்புடைய இழப்பால் அந்தக் குறிப்பு சிதைந்திருக்கிறது. நல்ல மரபணுவை அந்த இனத்துக்குள் செலுத்தியபோது வெள்ளைக் கூட்டில் நிறம் ஏறியது. இதைவிட நேரடியான சான்று வேறு என்ன வேண்டும்!

வாயில் திறந்த புழுவை வெறும் கண்ணாலேயே அடையாளம் காணலாம். புழுவின் கடைசிப் பருவமான ஐந்தாம் பருவத்தில் அதன் வயிற்றுக் கால்கள் மஞ்சள் பூத்திருக்கும். ஒரு காலின் நுனியில் ஊசியால் தொட்டால் வெளிவரும் இரத்தத் துளியும் மஞ்சளாக இருக்கும். கூடு கட்டும்வரை காத்திருக்காமல் தேர்வு செய்ய இது பெரிய வசதி. ஆனால் இரத்தம் மஞ்சளாக இருந்தால் கூடும் மஞ்சளாகிவிடும் என்று எண்ணிவிடக் கூடாது. பட்டுச் சுரப்பியின் சுவரில் இரண்டாவது வாயில் இருக்கிறது. அங்கே லூட்டீனை உள்ளே இழுப்பது 'சி' மரபணு தரும் கேமியோ2 என்ற புரதம். பீட்டா கரோட்டீனுக்கு 'எஃப்' மரபணுவின் தனி வழி. அது திறந்தால் இளஞ்சிவப்பு சாயல் வரும். எந்த நிறமி எந்தக் கதவு வழியே நுழைய வேண்டும் என்பது இவ்வளவு துல்லியமாக ஒரு பூச்சிக்குள் பிரிக்கப்பட்டிருக்கிறது.

பச்சைப் புழு சுமப்பதோடு நிற்பதில்லை, மாற்றியும் அமைக்கிறது. இலையிலுள்ள குவெர்செட்டின் என்ற ஃபிளேவனாய்டில் ஏற்கெனவே சர்க்கரை ஒட்டியிருக்கும். புழு அந்தச் சர்க்கரையை எடுத்துவிட்டு, வேறோர் இடத்தில் குளுக்கோசை ஒட்டுகிறது. இந்த ஒட்டு வேலையைச் செய்யும் நொதிக்கான மரபணு எது என்பது 2010-இல் தெரிய வந்தது. பலனும் சும்மா இல்லை: இப்படி உருவான பச்சைக் கூடு புறஊதாக் கதிரைத் தடுக்கிறது. உள்ளே அசையாமல் கிடக்கும் கூட்டுப்புழுவுக்கு அது ஒரு கவசம். எனினும் பச்சையில் பல மரபணுக்கள் சேர்ந்து கை வைப்பதால் நிறம் அடர்த்தியாகவும் வெளிறியும் படிப்படியாக மாறும். மஞ்சளைப் போல உண்டு, இல்லை என்று பிரித்துத் தேர்வது கடினம்.

வெள்ளையை இந்த ஒப்பீட்டில் விட்டுவிட முடியாது. வெள்ளைக் கூடுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் வேறுபாடு தெரியாது. கலந்து பார்த்தால் தெரிந்துவிடும். முதல் வாயில் மூடிய வெள்ளையை மஞ்சளோடு கலந்தால் முதல் தலைமுறை மஞ்சள், இரண்டாம் தலைமுறையில் 3 மஞ்சளுக்கு 1 வெள்ளை. ஆனால் 'ஐ' என்ற தடுப்பு மரபணு கொண்ட வெள்ளை ஓங்கு பண்பு உடையது. முதல் தலைமுறை முழுக்க வெள்ளையாகவே வரும்; அந்த வெள்ளையில் முதல் வாயிலும் மூடியிருந்தால் அடுத்ததில் 13 வெள்ளைக்கு 3 மஞ்சள். மூன்றாவது வகை எனக்கு மிகவும் பிடித்தது: ஒன்றில் முதல் வாயில் மட்டும் மூடியது, மற்றொன்றில் இரண்டாவது மட்டும் மூடியது. இரண்டு வெள்ளைகளையும் கலந்தால் பிள்ளைகள் மஞ்சள்! ஒன்றின் குறையை மற்றொன்று நிரப்பிவிடுகிறது. ஜப்பானிய மரபியல் ஆய்வாளர் தோயாமா கமேதாரோ, சயாமில் (இன்றைய தாய்லாந்தில்) பணியாற்றிய காலத்தில் அந்நாட்டு மஞ்சள் கூட்டினத்தையும் ஜப்பானிய வெள்ளையையும் கலந்து எண்ணியவர். மெண்டலின் விதி பட்டுப்புழுவுக்கும் பொருந்தும் என்று 1906-இல் அவர் வெளியிட்டது இத்தகைய எண்ணிக்கைகளைக் கொண்டுதான்.

எதைத் தேர்வது? இனப்பெருக்கத்துக்கு என்றால் நான் தயங்காமல் மஞ்சளைச் சொல்வேன். வாயில்கள் தெரியும், புழுப் பருவத்திலேயே பார்த்துத் தேறலாம், கலப்பின் விளைவை முன்கூட்டியே கணக்கிடலாம். புறஊதாத் தடுப்புக்காகப் பயன்படுத்தும் நோக்கம் இருந்தால் பச்சைக்கு இணையில்லை; கூடுதல் உழைப்புக்கு அது தகும்.

சேலைக்காக நிறக்கூடு வளர்க்க நினைப்பவர் ஒன்றை முன்பே அறிந்திருக்க வேண்டும். நிறமி பெரும்பாலும் இழையைச் சுற்றியுள்ள செரிசின் பசையில்தான் தங்குகிறது. கரோட்டினாய்டு நீரில் கரையாது. ஆனாலும் சோப்பும் சோடாவும் இட்டுக் காய்ச்சிப் பசையை நீக்கும்போது அதனோடு சேர்ந்து போய்விடும். பச்சையின் ஃபிளேவனாய்டு நீரில் கரையும் என்பதால் நூல் எடுக்கக் கூட்டை வேகவைக்கும் வெந்நீரிலேயே ஒரு பகுதி கழிந்துவிடும். ஆகவே நிறக்கூட்டைப் பசை நீக்காத பட்டாகவோ, பசையைத் தனியே பிரித்து விற்கும் வழியிலோ பயன்படுத்தத் திட்டமிட்ட பிறகே முட்டைத் தொகுதி வாங்க வேண்டும்.