ரோட்டரி கார் சில நேரம் ஸ்டார்ட் ஆகாதபோது: ஸ்டார்ட்டரா, பெட்ரோலா, கம்ப்ரஷனா?

மாஸ்டா ஆர்எக்ஸ்-7, ஆர்எக்ஸ்-8 போன்ற பழைய ரோட்டரி கார்கள் (பிஸ்டனுக்குப் பதிலாக மூன்று முகமுள்ள ரோட்டர் சுழலும் என்ஜின் கொண்டவை) ஒரு நாள் சாவியைத் திருப்பியவுடன் எடுப்பதும், மறுநாள் எவ்வளவு நேரம் சுற்றினாலும் எடுக்காமல் நிற்பதும் உண்டு. அப்போது சந்தேகம் பெரும்பாலும் மூன்று இடங்களில் விழுகிறது: ஸ்டார்ட்டரும் அதன் மின்சுற்றும், அறைக்குள் தேங்கிய பெட்ரோல், ரோட்டரின் ஓரங்களை அடைக்கும் சீல்கள் தேய்ந்து குறைந்துபோன கம்ப்ரஷன், அதாவது அறைக்குள் கலவை அமுங்கும் அழுத்தம். முதலாவது ஓர் உதிரிபாகத்தோடு முடிந்துவிடக்கூடியது. மூன்றாவதோ என்ஜினைப் பிரிக்கவைப்பது. மூன்றுக்கும் அறிகுறி ஏறக்குறைய ஒன்றுதான் என்பதால், நல்ல என்ஜின்கள்கூடத் தவறான தீர்ப்பினால் பிரிக்கப்பட்டுவிடுகின்றன.

இவற்றுள் எளிதில் பிரித்தறியக்கூடியது பெட்ரோல் தேக்கம். குளிர்ந்த என்ஜினை ஸ்டார்ட் செய்து, காரைச் சில அடி நகர்த்திவிட்டு உடனே அணைத்தால், குளிர்நிலைக்காகக் கூடுதலாகச் செலுத்தப்பட்ட பெட்ரோல் எரியாமல் தங்கி, ரோட்டரின் மூன்று முனைகளிலும் உள்ள அபெக்ஸ் சீல்களின் மேலுள்ள எண்ணெய்ப் படலத்தைக் கழுவிவிடும். படலம் போனால் கம்ப்ரஷனும் போகும். அப்போது ஸ்டார்ட்டர் வழக்கத்தைவிட வேகமாக, துடிப்பே இல்லாமல் ஒரே சீராகச் சுற்றும் ஓசை கேட்கும். கழற்றிப் பார்த்தால் பிளக்குகள் நனைந்திருக்கும். ஆர்எக்ஸ்-8-இல் ஆக்சிலரேட்டரை முழுவதும் அழுத்திக்கொண்டு சுற்றினால் இன்ஜெக்டர்கள் பெட்ரோல் விடுவதை நிறுத்திவிடும். பழைய ஆர்எக்ஸ்-7-இல் பெட்ரோல் பம்புக்குச் செல்லும் மின்சாரத்தைத் துண்டித்து, பிளக்குகளைக் கழற்றி, இடைவெளி விட்டுச் சுற்றி உலர்த்த வேண்டியிருக்கும். நன்றாக ஓடி அணைத்த காரை அரை மணி நேரம் கழித்து எடுக்கும்போதும் இதே நனைந்த பிளக்குகளைக் கண்டால், கசியும் இன்ஜெக்டரைத் தேட வேண்டும். அணைத்த பிறகு பெட்ரோல் அழுத்தம் எவ்வளவு விரைவில் இறங்குகிறது என்று பார்ப்பது அதற்கான வழி.

உண்மையான குழப்பம் மற்ற இரண்டுக்கும் இடையில்தான். குளிர்ந்திருக்கையில் எடுத்து, சூடேறியபின் மறுக்கும் கார் என்றால் பலரும் உடனே கம்ப்ரஷன் போய்விட்டது என்பார்கள். அது பலமுறை உண்மையும்கூட. சூட்டில் எண்ணெய் இளகிச் சீல்களின் அடைப்பு தளர்கிறது. ஆனால் ஸ்டார்ட்டரும் அதே சூட்டில்தான் இருக்கிறது. சூடேறிய செப்புச் சுருள்களின் மின்தடை கூடுவதால் அது மெதுவாகச் சுற்றுகிறது, மெதுவாகச் சுற்றுவதால் நல்ல சீல்களின் வழியாகவும் அழுத்தம் கசிந்துவிடுகிறது. ஆர்எக்ஸ்-8-இன் தொடக்க ஆண்டுக் கார்களில் இருந்ததைவிட வேகமாகச் சுற்றும் ஸ்டார்ட்டரை மாஸ்டா பின்னாளில் பொருத்தியதை நினைத்துப் பார்த்தால், வேகம் இங்கே எவ்வளவு முக்கியம் என்பது விளங்கும்.

ஆகவே என் வரிசையில் மின்சுற்றே முதலில் வரும். கார் மறுக்கும் அந்தச் சூட்டிலேயே, ஸ்டார்ட்டர் சுற்றும்போது பேட்டரியின் வோல்ட்டேஜை அளக்க வேண்டும், அது 9.6 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் வேறெதையும் தொடுவதற்கு முன் பேட்டரியைக் கவனிக்க வேண்டும். என்ஜினுக்குச் செல்லும் எர்த் கேபிளின் இரு முனைகளுக்கு இடையே அரை வோல்ட்டுக்கு மேல் இழப்பு இருந்தால் இணைப்பைச் சுத்தம் செய்து மீண்டும் அளக்கலாம். சுற்றவே சுற்றாமல் 'டிக்' என்ற சத்தம் மட்டும் வந்தால் கம்ப்ரஷனைப் பற்றிய பேச்சுக்கே இடமில்லை. ரிலே, சொலினாய்டு (ஸ்டார்ட்டருக்கு மின்சாரத்தை இணைக்கும் காந்த சுவிட்ச்), இணைப்புகள் ஆகியவற்றோடு தேடல் முடிந்துவிடும்.

அடுத்தது கம்ப்ரஷன் கேஜ். சாதாரண கேஜ், ரோட்டரின் மூன்று முகங்கள் தரும் அழுத்தங்களுள் அதிகமானதை மட்டும் பிடித்து நிறுத்திக்கொள்வதால் பழுதை மறைத்துவிடும். அதன் வால்வை எடுத்துவிட்டால் முள் ஒவ்வொரு முகத்துக்கும் துள்ளும். பெட்ரோலையும் இக்னிஷனையும் துண்டித்து, த்ராட்டிலை (காற்று நுழையும் கதவை) திறந்துவைத்து, சூடான என்ஜினில் இதைச் செய்ய வேண்டும். ரோட்டர் ஒரு சுற்றுச் சுற்றுவதற்குள் மையத் தண்டு மூன்று சுற்றுச் சுற்றுவதால், ஒரு துள்ளல் என்பது தண்டின் ஒரு சுற்று. எனவே 6 வினாடிகளில் விழும் துள்ளல்களை எண்ணிப் பத்தால் பெருக்கினால் சுற்றும் வேகம் கிடைத்துவிடும்; 25 துள்ளல் என்றால் நிமிடத்துக்கு 250 சுற்று. ஆர்எக்ஸ்-8-க்கான குறைந்தபட்ச அளவான 680 கிலோபாஸ்கல் இந்த 250 சுற்றில் பார்க்க வேண்டிய எண். 200 சுற்றில் கிடைத்த குறைந்த அளவை வைத்து என்ஜினைக் குற்றம் சொல்வது நியாயமாகாது.

துள்ளல்களின் வடிவமும் பேசும். ஓர் அபெக்ஸ் சீல் இரண்டு அறைகளுக்கு நடுவில் நிற்பதால், அது உடைந்தால் அடுத்தடுத்த இரண்டு துள்ளல்கள் தாழும். ஒன்று மட்டும் தாழ்ந்தால் அந்த முகத்தின் பக்கவாட்டை அடைக்கும் பக்கச் சீலைச் சந்தேகிக்கலாம். மூன்றும் சமமாகத் தாழ்ந்து வேகமும் சரியாக இருந்தால் அது பொதுவான தேய்மானம்.

இக்னிஷன் காயில்களையும் பிளக்குகளையும் நான் தனி வரிசையில் வைக்கவில்லை. அவை பலவீனமாக இருந்தால் பெட்ரோல் எரியாமல் தேங்கி முதலில் சொன்ன கோளாறாகவே வெளிப்படும் என்பதால், பிளக்குகள் திரும்பத் திரும்ப நனையும் காரில் காயில்களைச் சோதித்தாக வேண்டும். அப்படி நனைந்த என்ஜினைக் காப்பாற்றப் பிளக் துளை வழியே சிறிது எண்ணெய் ஊற்றியிருந்தால், அது சீல்களைத் தற்காலிகமாக அடைத்து அளவை உயர்த்திக் காட்டும். கார் நன்றாக ஓடி, அந்த எண்ணெய் எரிந்து புகை நின்ற பிறகே கேஜை மாட்ட வேண்டும்.