தம்ளரில் பெயர் பொறிக்க: கிரீமா, டிரில்லா, லேசரா?

அக்கா பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு கண்ணாடி தம்ளர், ஒவ்வொன்றிலும் அவரவர் பெயர். இந்த ஆசையில்தான் ஆரம்பித்தேன். செய்ய நினைத்தது ஆறு, வாங்கியது எட்டு, அந்தக் கூடுதல் இரண்டின் கதை கீழே வருகிறது. கண்ணாடியை அரித்துப் பொறிக்கும் எட்சிங் கிரீம், வைர முனை போட்ட மினி டிரில், நண்பர் வீட்டு லேசர் மெஷின் என்று மூன்றையும் தொட்டுப் பார்த்துவிட்டுக் கிரீமில் நின்றுவிட்டேன். அதனால் இதில் நடுநிலையை எதிர்பார்க்காதீர்கள்.

தெரிந்த விஷயங்களை வேகமாக முடித்துவிடலாம். கிரீமுக்கு ஒரு பாட்டிலும், எழுத்தை ஓட்டையாக வெட்டிய வினைல் ஸ்டிக்கரும் போதும், சத்தம் கிடையாது. டிரில் கத்தும், ஆனால் மற்ற வேலைகளுக்கும் உதவும். லேசர்தான் மூன்றிலும் செலவு அதிகம், இடமும் அடைக்கும். மணலைப் பீய்ச்சி அடிக்கும் முறையில்தான் நல்ல ஆழம் கிடைக்கும், ஆனால் கம்ப்ரசர், மூடிய பெட்டி எல்லாம் வேண்டும் என்பதால் அந்தப் பக்கமே போகவில்லை.

என் முடிவைத் தீர்மானித்தது ஒரே கேள்விதான்: தப்பு பண்ணினால் அது எங்கே விழும்? கண்ணாடிக்கு ரப்பர் கிடையாது, பொறித்தது பொறித்ததுதான்.

டிரில்லில் தப்பு நேராகக் கண்ணாடி மேலேயே விழும். பெயரைத் தாளில் எழுதி, தம்ளரின் உள்பக்கம் ஒட்டி, வெளியே அதைப் பார்த்தபடியே இழுக்கிறோம். கேட்கச் சுலபம். ஆனால் சுழல்கிற முனை கண்ணாடியைத் தொட்டதும் தான் சுற்றும் திசைக்கு ஓடப் பார்க்கும், அதுவும் வளைந்த பரப்பில் சர்ரென்று வழுக்கும். 'யாழினி'யில் யா நன்றாக வந்தது, ழி-யின் வால் திரும்புகிற இடத்தில் கை ஒரு நூல் விலகி, கோடு பக்கத்து எழுத்துக்குள் போய்விட்டது. அந்தக் கோட்டை மறைக்க ஒரு கொடி வரைந்தேன், கொடியை மறைக்க இலை போட்டேன், கடைசியில் பெயரையே காணவில்லை. இரண்டாவது தம்ளருக்கும் ஏறக்குறைய இதே கதிதான்.

கிரீமில் அந்தத் தப்பு ஸ்டிக்கரில் விழும். எழுத்தைக் கட்டர் மெஷினிலோ கத்தியிலோ வெட்டும்போது கோணலானால் வேறு துண்டு வெட்டிக்கொள்ளலாம். தம்ளரில் ஒட்டியபின் சாய்ந்திருக்கிறதா, உரித்துவிட்டு மறுபடி ஒட்டலாம். 'சரி, இதுதான்' என்று மனசு ஒப்புக்கொள்ளும்வரை கண்ணாடிக்கு ஒன்றும் ஆகாது. நிதானம் இருந்து கை மட்டும் நடுங்குகிற என்னைப் போன்றவர்களுக்கு இது பெரிய விஷயம்.

இந்தக் கிரீம்களில் பெரும்பாலும் அமோனியம் பைஃப்ளூரைடு போன்ற ஃப்ளூரைடு உப்புகள் இருக்கும். அவை கண்ணாடியிலுள்ள சிலிக்காவை மேலாக அரித்துச் சொரசொரப்பாக்கும், அதில் வெளிச்சம் சிதறுவதால்தான் நமக்குப் பால்வெள்ளையாகத் தெரிகிறது. ஆழம் என்று சொல்ல ஒன்றுமில்லை, நகத்தால் தடவினால் லேசாகத் தட்டும். ஒரு பிராண்டில் 1 நிமிடம் என்று போட்டிருக்கும், இன்னொன்றில் 15 நிமிடம், எனவே பாட்டிலில் எழுதியிருப்பதையே பின்பற்றுங்கள். கூடுதல் நேரம் வைத்தால் ஆழமாக இறங்கும் என்று நினைத்து வைத்துப் பார்த்தேன், ஸ்டிக்கர் ஓரம் கசிந்ததுதான் மிச்சம்.

ஓரம்தான் இதில் உயிர். ஒட்டுவதற்கு முன் ஸ்பிரிட் தொட்ட துணியால் துடைத்துவிடுங்கள், கைரேகையின் எண்ணெய் இருந்தால் அந்த இடம் திட்டுத்திட்டாக வரும். ஒட்டியபின் பழைய பிளாஸ்டிக் கார்டால் ஒவ்வொரு எழுத்தின் ஓரத்தையும் அழுத்தித் தேய்க்க வேண்டும். கிரீமைப் பெயின்ட் மாதிரி மெல்லிசாக இழுக்காமல் கேக் மேல் கிரீம் வைக்கிற மாதிரி தடியாக வையுங்கள். மிஞ்சியதைப் பிளாஸ்டிக் கரண்டியால் வழித்துப் பாட்டிலிலேயே போட்டுக்கொள்கிறேன், என் பாட்டில் அப்படித்தான் இன்னும் ஓடுகிறது.

தமிழில் எழுதுபவர்களுக்கு ஒரு தனித் தொல்லை உண்டு: புள்ளி. அந்தச் சின்ன ஓட்டையில் கிரீம் உள்ளே இறங்காமல் மேலே பாலம் போட்டு நிற்கும், அடியில் காற்று மாட்டிக்கொள்ளும், அந்த இடம் அரிக்காது. 'கார்த்திக்' தம்ளரை உரித்துப் பார்த்தால் 'கார்த்திக' என்று நின்றது. இப்போதெல்லாம் முதலில் பிரஷ் நுனியால் புள்ளிகளைக் குத்திக்குத்தி நிரப்பிவிட்டுத்தான் மற்ற எழுத்துக்களுக்குப் போகிறேன்.

அப்புறம், கழுவியதும் ஒன்றுமே தெரியாது. பயப்பட வேண்டாம், ஈரத்தில் அந்த மங்கல் மறைந்துவிடும், காய்ந்தால்தான் தெரியும். ஸ்டிக்கரோடே காயவைத்துப் பார்த்து, குறை இருந்தால் இன்னொரு முறை கிரீம் வைத்துவிட்டு உரியுங்கள். உரித்தபின் அதே இடத்தில் திரும்ப ஒட்டுவது நடக்காத காரியம்.

கிரீமின் ஆபத்தையும் சொல்லியாக வேண்டும். ஃப்ளூரைடு தோலில் பட்டால் சில சமயம் உடனே எரியாது, சில மணி நேரம் கழித்துத்தான் வலி தெரியும், அதற்குள் உள்ளே போயிருக்கும். நைட்ரைல் கையுறை, கண்ணை மூடும் கவசக் கண்ணாடி, திறந்த ஜன்னல் மூன்றும் கட்டாயம், பிள்ளைகள் பக்கத்தில் இருக்கவே கூடாது. பட்டுவிட்டால் உடனே நிறையத் தண்ணீரில் கழுவிக்கொண்டே இருந்து, ஃப்ளூரைடு என்று சொல்லி மருத்துவரிடம் போங்கள். பீங்கான் சிங்க்கில் கழுவினால் சிங்க்கும் மங்கிவிடும், நான் பிளாஸ்டிக் வாளியில் கழுவுகிறேன். இது உங்களுக்குச் சரிப்படாது என்றால் டிரில்லுக்குப் போவதில் தப்பே இல்லை, ஆனால் அதிலும் மாஸ்க் வேண்டும், கண்ணாடித் தூசி பறக்காமலும் முனை சூடேறாமலும் இருக்க ஈரம் வைத்துக்கொண்டே செய்ய வேண்டும்.

டிரில் ஜெயிக்கிற இடமும் உண்டு. ஒருவருடைய கையெழுத்தை அப்படியே பதிப்பது, முகம், நிழல் கொடுத்த பூ, இதெல்லாம் ஸ்டிக்கரில் வராது. பெரிய பரப்பை நிரப்பினாலும் கிரீம் மேகம் மாதிரி திட்டாகும். ஆனால் டெம்பர்ட் கண்ணாடியில் (சூடேற்றி உறுதியாக்கியது) டிரில் வைக்காதீர்கள், மேல்தோலில் இருக்கும் இறுக்கத்தை உடைத்தால் மொத்தமும் நொறுங்கிவிடலாம்.

பீங்கான் மக் வேறு கதை. மேலிருக்கும் மெருகும் ஒருவகைக் கண்ணாடிதான் என்பதால் கிரீம் ஏதோ செய்யும், ஆனால் வெள்ளை மக்கில் வெள்ளை மங்கல் யாருக்குத் தெரியப்போகிறது? அடர்நிற மக்கில் ஓரளவு தெரிந்தது. டிரில் மெருகைத் தாண்டி இறங்கினால் உள்ளே இருக்கும் மண் கறையைப் பிடித்துக்கொள்ளும்.

மக்குக்கு லேசர்தான் சரி என்று தோன்றுகிறது, ஆனால் நான் லேசரில் செய்தது மொத்தமே மூன்று பொருட்கள். கார்பன் டை ஆக்சைடு லேசரின் 10.6 மைக்ரான் அலைநீள ஒளியைக் கண்ணாடி உறிஞ்சிக்கொள்ளும். வீடுகளில் வாங்கும் நீல டயோடு லேசரின் ஒளி தெளிந்த கண்ணாடியைத் தாண்டிப் போய்விடும், அதனால் கறுப்புப் பெயின்ட் பூசிக்கொண்டுதான் செய்ய வேண்டும். வெள்ளை மக்கில் டைட்டானியம் டை ஆக்சைடு பூச்சு பூசி லேசரால் சுட்டால் கறுப்பாகப் பதிகிறது, நாங்கள் செய்த ஒன்று இதுவரை கழுவிக் கழுவியும் போகவில்லை. உருட்டும் இணைப்பு இல்லாமல் உருளைப் பொருளை முழுக்கச் செய்ய முடியாது, அந்த இணைப்பிலும் மக்கின் கைப்பிடி இடிக்கிறது. ஒரே டிசைனில் ஐம்பது செய்பவருக்கு இந்த மெனக்கெடல் சரி. ஆறு தம்ளர், ஆறு பெயர் என்றால் எனக்கு ஸ்டிக்கரே போதும்.

டிரில்லைத் தூக்கிப்போடவில்லை. 'கார்த்திக' தம்ளரில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு, முனையை நேராக நிறுத்தி இரண்டு விநாடி அழுத்தினேன், புள்ளி வந்துவிட்டது. இப்போது அதற்கு அந்த வேலைதான்.