வளைபாதக் குழந்தைக்குக் கம்பி ஷூ: எதைப் பார்த்து வாங்குவது?

என் மகனுக்குப் பிறவியிலேயே இரண்டு பாதமும் உள்பக்கமாக மடங்கியிருந்தன. பொன்செட்டி என்ற டாக்டர் உருவாக்கிய முறையில் வாராவாரம் மாவுக்கட்டு, கடைசியில் குதிகால் தசைநாணில் சின்ன வெட்டு, அதற்கு மூன்று வாரக் கட்டு. இதுவரை எல்லாம் டாக்டர் பாடு. அப்புறம் தருகிற ஷூதான் நம் பாடு. இரண்டு ஷூவையும் ஒரு கம்பியில் பூட்டி, பாதம் 60-70 டிகிரி வெளிப்பக்கம் திரும்பியிருக்கும்படி வைத்திருப்பார்கள். முதல் மூன்று மாதம் தினம் 23 மணி நேரம், பிறகு நான்கைந்து வயது வரை தூங்கும்போது மட்டும்.

அரசு ஆஸ்பத்திரியில் இலவசமாகக் கொடுத்தது ஸ்டீன்பீக் வகைத் தோல் ஷூ. உகாண்டாவில் உள்ளூர்த் தோலையும் இரும்பையும் வைத்தே செய்கிற மாதிரி உருவாக்கியது. பார்க்க அழகில்லை, கனம் வேறு. ஆனால் குதிகால் பக்கம் ஒரு ஓட்டை இருக்கிறது பாருங்கள், அதற்கே முழு மார்க் கொடுக்கலாம். நடு வாரை முதலில் இறுக்கிவிட்டு ஓட்டை வழியாகப் பார்த்தால் குதிகால் அடியில் உட்கார்ந்திருக்கிறதா என்று தெரிந்துவிடும். தூக்கி நின்றால் அவிழ்த்து மறுபடி மாட்ட வேண்டும். வாரில் சரியாக வரும் துளையில் பேனாவால் ஒரு புள்ளி வைத்துவிட்டேன்; இப்போது என் கணவரும் தூக்கக் கலக்கத்தில்கூடச் சரியாக மாட்டுகிறார்.

நடுவில் ஆசைப்பட்டு ஒரு கடையில் பளபளப்பான வெல்க்ரோ மாடல் வாங்கினோம். ஓட்டை கிடையாது. குதிகால் வழுக்கி வழுக்கிக் கொப்புளம் போட்டது. மாற்றித் தரக் கேட்டால், "சாக்ஸ் ரெண்டு போடுங்கம்மா" என்றார்கள். பணம் போனதுதான் மிச்சம். பழைய ஷூவுக்கே திரும்பினோம்.

சேலைத் தூளியை மறந்துவிடுங்கள். கம்பி குறுக்கே நின்று துணியை விரிக்கும், பிள்ளை மிரண்டு அழும். பாயில் படுக்க வைத்து, கம்பியில் பழைய துண்டைச் சுற்றிவிட்டால் பக்கத்தில் படுப்பவர் முழங்காலும் தப்பிக்கும். வெயில் காலத்தில் தோல் நாறும். நல்ல பருத்தி சாக்ஸ் போட்டு, தினம் மாற்றுங்கள். கொக்கிகள் சுமார் ரகம். ஒன்று சீக்கிரமே நெளிந்துவிட்டது, தெருமுனைச் செருப்புக் கடைக்காரர்தான் மாற்றித் தைத்தார்.

"கால்தான் நேராயிடுச்சே, இன்னும் எதுக்கு இந்த விலங்கு?" என்பது மாமியாரின் தினசரிக் கேள்வி. நேரானதை நம்பி நிறுத்தினால் பாதம் மறுபடி மடங்கும், திரும்ப மாவுக்கட்டுதான் என்று டாக்டர் அவரிடமே சொன்ன பிறகு கேள்வி பாதியாகக் குறைந்தது.

விரல் ஷூ நுனியைத் தாண்டி மடங்கத் தொடங்கினால் அடுத்த அளவு கேளுங்கள். அப்போது கம்பியையும் குழந்தையின் தோள் அகலத்துக்கு அளந்து பார்க்கச் சொல்லுங்கள். எங்களுக்கு ஒருமுறை ஷூ பெரிதாக வந்தது, கம்பி பழைய நீளத்திலேயே இருந்தது.