தேன்: பச்சையாகவா, சூடு காட்டியா, கொதிக்கிற டீயிலா?

டர்பனில் ஜூலை வந்து இருமல் தொடங்கிவிட்டால் எங்கள் வீடு இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடும். ஆயாவுக்குத் தேனும் சூடும் சேர்ந்தால் விஷம். டீ ஆறி, விரல் விட்டால் சுடாத பதம் வந்த பிறகுதான் தேன் கரண்டிக்கு அனுமதி. தங்கைக்கு அதெல்லாம் காதில் ஏறாது. கொதிக்கக் கொதிக்க ரூய்போஸ் (இந்த ஊர் மூலிகை டீ) ஊற்றி, அரை எலுமிச்சை பிழிந்து, இரண்டு கரண்டி தேன் விட்டு ஊதி ஊதிக் குடிப்பாள். இரண்டு பேரிடமும் திட்டு வாங்குவது நான், ஏனென்றால் கல்லாக உறைந்த தேன் ஜாடியை வெந்நீரில் உட்கார வைத்து இளக்குவது என் வேலை.

யார் சொல்வது சரி? உடம்புக்குக் கெடுதலா என்பது ஒரு கேள்வி, நல்லது ஏதாவது போய்விடுகிறதா என்பது இன்னொன்று. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் கலக்குவதால்தான் சண்டை வருஷா வருஷம் வருகிறது.

ஆயா சும்மா சொல்லவில்லை. சரக சம்ஹிதையிலேயே இருக்கிறது: தேனில் விஷத்தின் தொடர்பு உண்டு, அதனால் சூட்டோடு சேர்ந்தால் கொல்லும் என்கிற அளவுக்குக் கடுமையாக. ஆனால் அதே ஆயுர்வேத மரபில், வாந்தி எடுக்க வைக்கும் சிகிச்சையில் சூடான தேனுக்கு விலக்கு உண்டு, செரிக்கும் முன்பே வெளியே வந்துவிடும் என்பது காரணம். லேகியம் கிண்டுகிறவர்களும் அடுப்பிலிருந்து இறக்கி ஆறவிட்டுத்தான் தேன் ஊற்றுவார்கள். அந்தக் கைப்பழக்கம் எனக்குப் பிடித்தது, காரணம் வேறாக இருந்தாலும்.

இந்தக் காலத்துப் பயத்துக்குப் பெயர் ஹெச்.எம்.எஃப். நீட்டிச் சொன்னால் ஹைட்ராக்ஸிமெத்தில்ஃபர்ஃபுரல், அதை ஒரு தடவை சொன்னால் போதும். தேனின் சர்க்கரை, அமிலச் சூழலில், சூட்டாலும் நாள்பட்டதாலும் சிதையும்போது உண்டாகிற பொருள். சர்வதேச உணவுத் தரமான கோடெக்ஸ் கிலோவுக்கு 40 மில்லிகிராம், வெப்ப நாட்டுத் தேனுக்கு 80 மில்லிகிராம் என்று வரம்பு வைத்திருக்கிறது. அதைப் பார்த்து வரம்பு தாண்டினால் விஷம் என்று படிக்கிறவர்கள் உண்டு. அது விஷ வரம்பு இல்லை, தேன் புதுசா, அதிகமாகச் சூடாக்கினார்களா என்று கண்டுபிடிக்கிற அளவுகோல். காபித்தூளில் இதே பொருள் கிலோவுக்கு நூற்றுக்கணக்கான மில்லிகிராம் இருக்கிறது, காலையில் காபி குடித்துவிட்டு யாரும் விழுந்ததாகத் தெரியவில்லை. நிஜமாகவே இது ஆகாதது தேனீக்குத்தான்: ஹெச்.எம்.எஃப். ஏறிப்போன பாகைத் தீவனமாக வைத்தால் தேனீக்கள் செத்துப்போகும்.

அடுத்தது, எத்தனை டிகிரி என்பதோடு எவ்வளவு நேரம் என்பதும் முக்கியம். தேன் அந்த 40 மில்லிகிராம் பக்கம் போய்ச் சேர 70 டிகிரியில் பல மணி நேரம் ஆகும், 50 டிகிரியில் நாள் கணக்கு, 30 டிகிரியில் மாதக் கணக்கு. இப்போது தங்கையின் கோப்பையைப் பாருங்கள். தேன் விழுந்த நொடியிலேயே தண்ணீரில் கரைந்து, பத்து நிமிஷத்தில் குடிக்கிற சூட்டுக்கு வந்துவிடுகிறது. அந்தப் பத்து நிமிஷத்தில் ஏறுவதைவிட, டர்பன் கோடையில் அடுப்புக்கு மேல் ஷெல்ஃபில் ஒரு வருஷம் கிடக்கிற ஜாடியில்தான் அதிகம் ஏறும். சூடான டீக்குப் பயந்து தேனை அடுப்பு மேலே வைத்திருக்கும் வீடுகள் எத்தனையோ (எங்கள் வீடும்தான், போன வருஷம் வரைக்கும்).

சரி, நல்லது போகிறதா? போகிறது, ஆனால் எது என்று பார்க்க வேண்டும். நொதிகளைப் பற்றித்தான் பெரிய பேச்சு. இன்வர்டேஸ் 60 டிகிரியில் ஐந்து மணி நேரத்துக்குள் பாதியாகிவிடும், டயஸ்டேஸ் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். ஆனால் டயஸ்டேஸ் செய்யும் மாவுச்சத்து உடைக்கிற வேலையை நம் எச்சிலே செய்கிறது, விழுங்கிய நொதியோ பெரும்பாலும் வயிற்று அமிலத்தில் குலைந்துவிடும். அதற்காக அழ வேண்டியதில்லை. குளுக்கோஸ் ஆக்ஸிடேஸ் கதை வேறு. தேன் கிருமியை எதிர்க்க உதவும் ஹைட்ரஜன் பெராக்ஸைடை உண்டாக்குவது அதுதான், சூட்டிலும் வெளிச்சத்திலும் கெட்டுப்போகும். புண்ணுக்குத் தேன் வைப்பவர்களுக்கு அது பெரிய விஷயம், அதனால்தான் மருத்துவத் தேனைச் சூடாக்காமல் காமா கதிரால் சுத்தம் செய்கிறார்கள். சமையலறை ஜாடியிலிருந்து எடுத்துப் புண்ணில் தடவ வேண்டாம், அது பச்சைத் தேனாக இருந்தாலும்.

இருமலுக்கு? 2007-இல் அமெரிக்காவில் 105 பிள்ளைகளை வைத்துச் செய்த ஆய்வில் படுக்கப்போகும் முன் ஒரு வேளைத் தேன் கொடுத்ததில், ஒன்றும் கொடுக்காததைவிட இருமல் தணிந்தது. தொண்டையில் படிகிற அந்த வழவழப்புக்கும் இனிப்புக்கும் அதில் பங்கு உண்டு என்கிறார்கள், சூடான டீ அதைக் கொன்றுவிடாது. இங்கே தங்கைக்கு ஒரு புள்ளி.

மணத்தில் ஆயாவுக்குத்தான் வெற்றி, அதுவும் முழுசாக. லிச்சித் தேனைப் பச்சையாக ஒரு கரண்டி நாக்கில் வையுங்கள், பிறகு அதையே கொதிக்கிற டீயில் விட்டுக் குடியுங்கள். இரண்டாவதில் வெறும் இனிப்புதான் மிச்சம், பூ எங்கே போனது என்றே தெரியாது. நல்ல தேன் விலைக்கு வாங்கி அதைக் கேக் மாவில் கொட்டுவது காசைக் கரைப்பதுதான். கேக்குக்கும் கறி மசாலாவுக்கும் மலிவுத் தேன் போதும்.

கடைத் தேன் விஷயத்தில் தென்னாப்பிரிக்காவில் இன்னொரு சங்கதி. இறக்குமதித் தேனை இங்கே கதிர்வீச்சுக்கு உட்படுத்திய பிறகுதான் விற்க முடியும், நம் தேனீக்களுக்கு வெளிநாட்டு நோய் ஒட்டாமல் இருக்க. லேபிளில் பொடி எழுத்தில் இருக்கும், தேடிப் பாருங்கள். கதிர்வீச்சு சூடு இல்லை, தேன் அதில் கொதிப்பதும் இல்லை. ஆனால் பெரிய ஆலைகள் வடிகட்டச் சுலபமாகவும், புளிக்க வைக்கும் ஈஸ்டைக் கொல்லவும், சீக்கிரம் உறையாமல் இருக்கவும் பல சமயம் தேனைச் சூடாக்கித்தான் புட்டியில் அடைக்கின்றன. ஜோகன்னஸ்பர்க் குளிரிலும் உறையாத தேனைப் பார்த்து "சுத்தம்" என்றும், உறைந்ததைப் பார்த்து "சீனி கலந்தது" என்றும் சொல்பவர்களிடம் நான் வாதாடுவதை விட்டுவிட்டேன். குளுக்கோஸ் படிகமாவது தேனின் சுபாவம்.

உறைந்ததை இளக்க என் வழி இதுதான்: கண்ணாடி ஜாடி, கை பொறுக்கும் வெந்நீர், நாற்பது டிகிரிக்குக் கொஞ்சம் மேலே, அவசரமில்லாமல் ஒரு மணி நேரம். கூட்டுக்குள்ளேயே 35 டிகிரி பக்கம் இருக்கும், ஆகவே தேனுக்கு இது அந்நியச் சூடு இல்லை. மைக்ரோவேவ் வேண்டாம், ஓர் ஓரம் கொதிக்கும், மறு ஓரம் கல்லாகவே இருக்கும்.

இரண்டு கட்சியும் சேர்ந்து தோற்கிற இடம் ஒன்று இருக்கிறது. போன மாதம் சித்தி மகளுக்குக் குழந்தை பிறந்தபோது, நாக்கில் தேன் தொட்டுச் சேனை வைக்க ஆயா தயாரானார், பச்சைத் தேன்தானே என்று. தங்கையோ கொதிக்க வைத்து ஆறவைத்துக் கொடுக்கலாமே என்றாள். இரண்டுமே கூடாது. ஒரு வயது நிரம்பாத குழந்தையின் குடலில் தேனிலிருக்கக்கூடிய பொட்டுலிஸம் (நரம்பை முடக்கும் நச்சு நோய்) கிருமியின் வித்துகள் முளைத்துவிடும், அவற்றைக் கொல்லப் பிரஷர் குக்கர் போல அழுத்தத்தில் 121 டிகிரி வேண்டும், டீத்தண்ணீர்ச் சூடு அவற்றுக்கு ஒன்றுமே இல்லை. லேபிளில் கதிர்வீச்சு என்று போட்டிருக்கிறதே என்ற சமாதானமும் வேண்டாம். ஆயா முகத்தைத் திருப்பிக்கொண்டார். சாங்கியத்துக்குத் தாய்ப்பால் ஒரு சொட்டு தொட்டு வைத்தோம், கோபம் இரண்டு நாள் இருந்தது.