கேபிள் பிரேக்கா, ஆயில் பிரேக்கா? சின்னக் கைக்கு எது சரி

என் சைக்கிள் ஒரு சாதாரண ஹார்ட்டெயில் எம்டிபி, அதாவது பின்னால் சஸ்பென்ஷன் இல்லாத மலைச் சைக்கிள். முன்னால் சஸ்பென்ஷன், 27.5 இன்ச் சக்கரம், இரண்டு சக்கரத்திலும் 160 மி.மீ. டிஸ்க், கேபிளில் இழுக்கும் பிரேக். வாங்கிய முதல் மாதமே சீட் உயரத்தைச் சரிசெய்து, ஹேண்டில்பாரைத் தாங்கும் ஸ்டெம்மைக் குட்டையாக்கி, மெல்லிய கிரிப் போட்டு உடம்புக்கு ஏற்றபடி ஆக்கிக்கொண்டேன். அதெல்லாம் ஒரு சாயங்கால வேலை. பிரேக்கை மாற்றத்தான் இரண்டு வருடம் தயங்கினேன்.

என் கை சின்னது. ஞாயிற்றுக்கிழமைகளில் சைக்கிளைக் கோத்தகிரிக்கு ஏற்றிக்கொண்டு போய், தேயிலைத் தோட்டத்து மண் பாதைகளில் சுற்றிவிட்டு, மேட்டுப்பாளையம் வரை ஓட்டியே இறங்குவது என் வழக்கம். கோத்தகிரி ஏறக்குறைய 1,800 மீட்டர் உயரம், மேட்டுப்பாளையம் முந்நூறு சொச்சம். அந்த வித்தியாசம் முழுவதையும் முப்பது சொச்சம் கிலோமீட்டரில் பிரேக் போட்டே கரைக்க வேண்டும். கேபிள் பிரேக்கில் பாதி மலை இறங்குவதற்குள் சுண்டுவிரல் வரை மரத்துவிடும். நாலு விரலாலும் இழுத்தால்தான் வண்டி நிற்கும். அப்போது ஹேண்டில்பாரைப் பிடிக்க மிஞ்சுவது கட்டைவிரல் மட்டும்தான்.

நிறுத்தும் பலத்தில், கேபிளுக்குப் பதில் குழாயில் இருக்கும் எண்ணெயின் அழுத்தத்தில் வேலை செய்யும் ஆயில் பிரேக்தான் மேல். அதில் பேச ஒன்றும் இல்லை. நான் போட்டது ஷிமானோ எம்டி200, அந்த வரிசையில் விலை குறைந்தது. இப்போது இரண்டு விரல் போதும். லீவரைக் கிரிப் பக்கமாகக் கொண்டுவர ஒரு குட்டித் திருகு இருக்கிறது. அதைத் திருகி, லீவர் கிளாம்ப்பையும் உள்பக்கமாக ஒரு விரற்கடை தள்ளி வைத்ததும், என் நடுவிரல் எட்டும் இடத்தில் லீவர் வந்து நின்றது.

இரண்டு வருடத் தயக்கத்துக்குக் காரணம் பராமரிப்பு பற்றிய பயம். எங்கள் தெருமுனைக் கடை அண்ணனிடம் கேட்டபோது, “வேண்டாங்க அக்கா, ஆயில் பிரேக்னா நாளைக்கு ஒண்ணுன்னா யாரு பாப்பாங்க? கேபிள்னா நானே மாத்திக் குடுத்துருவேன்” என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. ஆனால் எத்தனை நாளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டியிருக்கிறது என்பதை நாங்கள் இருவருமே கணக்குப் போடவில்லை.

சாதாரணக் கேபிள் டிஸ்க் பிரேக்கில் டிஸ்க்கைக் கவ்வும் இரண்டு பேட்டில் வெளிப்பக்கத்துப் பேட் மட்டும்தான் நகரும். அது ரோட்டரை, அதாவது சக்கரத்தோடு சுற்றும் டிஸ்க்கை, லேசாக வளைத்து உள்பக்கத்துப் பேட்டோடு சேர்த்து அழுத்தும். பேட் தேயத் தேய இரண்டு பக்கத்தையும் தனித்தனியாக நெருக்கி வைக்க வேண்டும். உள்பேட்டை எல்-கீ போட்டுத் திருக வேண்டும். பெரும்பாலும் நடப்பது என்னவென்றால், லீவர் தொளதொளத்ததும் கேபிளை மட்டும் இழுத்து இறுக்கிவிடுவோம். கையில் இறுக்கமாகத் தெரியும். ஆனால் பேட்டுகளைத் தாங்கும் காலிப்பரில் கேபிள் இழுக்கும் நெம்புகோல், தான் தொடங்க வேண்டிய இடத்தைத் தாண்டி ஏற்கெனவே பாதி தூரம் திரும்பியிருக்கும். நெம்பும் பலம் குறைந்துவிடும். ஒரு ஜூலை மழையில், இறங்கும் வழியில் உள்ள குஞ்சப்பனைக்குக் கீழே லீவர் கிரிப்பைத் தொட்டும் வண்டி நிற்காமல், ஓரத்து மண்மேட்டில் ஏற்றித்தான் நிறுத்தினேன். முந்தின நாள் ஒரு கடையில் சர்வீஸ் ஆன வண்டி அது. கேபிள் நன்றாகவே இறுகியிருந்தது. உள்பேட்டை யாரும் தொடவே இல்லை.

மழை கேபிளுக்கு இன்னொரு வகையில் எதிரி. பின்சக்கரக் கேபிளின் உறை காலிப்பருக்குப் பக்கத்தில் தொங்கி வளையும் இடத்தில் தண்ணீர் தங்கும். ஒருமுறை கழற்றிப் பார்த்தபோது உள்கம்பி அந்த நாலு அங்குலத்துக்கு மட்டும் செம்மண் நிறத்தில் துருவேறி, தொட்டால் விரலில் ஒட்டியது. கேபிள் விலை ஒரு வேளைச் சாப்பாட்டுக் காசுதான். ஆனால் மழைக்காலம் முடிவதற்குள் இரண்டுமுறை மாற்றினேன். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை எல்-கீயோடு உட்கார்ந்ததைக் கணக்கில் சேர்க்கவே இல்லை.

ஆயில் பிரேக்கில் இந்த வேலை கிடையாது. பேட் எவ்வளவு தேய்கிறதோ அவ்வளவு, பேட்டைத் தள்ளும் பிஸ்டன் தானாக முன்னே வந்துவிடும். லீவர் முதல் நாள் இருந்த மாதிரியே இருக்கும். பதினாலு மாதத்தில் இரண்டு ஜோடி பேட் மாற்றினேன், ஒரே ஒருமுறை ப்ளீடிங், அதாவது எண்ணெயில் புகுந்த காற்றை வெளியேற்றும் வேலை, செய்தேன். லீவரில் புனல், காலிப்பரில் சிரிஞ்ச், பொறுமையாக முக்கால் மணி நேரம். பயந்த அளவுக்கு ஒன்றுமில்லை.

அதற்குப் பதிலாகச் சில பழக்கங்களைக் கற்றுக்கொள்ள வேண்டும். லீவர் கடைசிவரை நன்றாகவே இருப்பதால் பேட் தீர்ந்ததே தெரியாது. குனிந்து பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அரை மி.மீ. மிஞ்சும்போது மாற்றிவிட வேண்டும். சைக்கிளை வண்டியில் ஏற்றச் சக்கரத்தைக் கழற்றினால், பேட்டுகளுக்கு நடுவே பிளாஸ்டிக் துண்டையோ மடித்த அட்டையையோ செருகுங்கள். யாராவது தெரியாமல் லீவரை அழுத்தினால் பிஸ்டன் வெளியே வந்து, ரோட்டர் உள்ளே போகாது. செயின் ஆயிலை ஸ்பிரே செய்யும்போது ரோட்டரில் பட்டால் பேட் போயிற்று. உப்புத்தாளில் தேய்த்துப் பார்த்தேன், கீச்சுச் சத்தம் போகவே இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, ஷிமானோ பிரேக்குக்கு மினரல் ஆயில்தான். மோட்டார் பைக் மெக்கானிக் நல்லெண்ணத்தில் பைக் பிரேக்குக்கான டாட் ஃப்ளூயிட் ஊற்ற வந்தால் தடுத்துவிடுங்கள், சீல்கள் கெட்டுவிடும்.

கேபிளோடேயே இருக்கிறேன் என்பவர்களுக்கு ஏவிட் பிபி7 என்ற கேபிள் டிஸ்க் பிரேக் நல்ல வழியாகத் தெரிகிறது. இரண்டு பேட்டையும் கையாலேயே திருகி நெருக்க இரு பக்கமும் சிவப்புக் குமிழ்கள் உண்டு. நண்பர் ஒருவர் வண்டியில் அரை மணி நேரம் ஓட்டியதுதான் எனக்கு அதில் உள்ள அனுபவம், அதனால் அடித்துச் சொல்ல மாட்டேன். பை மூட்டையோடு வாரக்கணக்கில் ஊர் சுற்றுபவர்களுக்குக் கேபிள்தான் பொருத்தம் என்று அவர் சொல்வதையும் மறுக்க மாட்டேன். எந்தக் கிராமத்துச் சைக்கிள் கடையிலும் கேபிள் கிடைக்கும். நான் அப்படிப் போனதில்லை. காலையில் கிளம்பி மாலையில் வீடு திரும்புகிற, கை வலியோடு மலை இறங்குகிற ஆளுக்கு ஆயில் பிரேக் என்பதில் மட்டும் எனக்குச் சந்தேகம் இல்லை.

மாற்றுவதாக இருந்தால், கடையில் வேலை தொடங்கும் முன்பே எந்தக் கைக்கு முன்பிரேக் வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். இருபது வருடம் ஸ்கூட்டர் ஓட்டிய எனக்கு வலது கைதான் முன்பிரேக். கேபிளில் அதை இடம் மாற்றப் பத்து நிமிடம் போதும். ஆயிலில் ஹோஸ் என்னும் எண்ணெய்க் குழாயைக் கழற்றினால் காற்று புகுந்துவிடும், மறுபடியும் புனலும் சிரிஞ்சும் எடுக்க வேண்டும். நான் கடையில் இதைச் சொல்ல மறந்துவிட்டேன். அந்த ஒரு ப்ளீடிங்கும் அதனால்தான் வந்தது.